‘இவன் யாரைக் கொண்டு பொறந்திருக்கான்?’: ஏ.டி.எச்.டி பத்தி அக்காவோட டிப்ஸ்

பிள்ளை ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான், கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறதில்ல, யு.கே.ஜி மிஸ் டைரியில சிவப்பு மையில ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டாங்க. நம்ம வீடுகள்ல அடுத்து என்ன நடக்கும்னு உனக்கே தெரியும். "எங்க வம்சத்துல இப்படி யாரும் கிடையாது, இவன் யாரைக் கொண்டு பொறந்திருக்கான்?" கேக்குறது மாமியாரா இருந்தா கோபம் வரும். பெத்த அம்மாவே கேட்டா அழுகை வரும்.

தங்கச்சி, கேக்குற தொனியை விட்டுட்டுப் பார்த்தா அந்தக் கேள்வியில விஷயம் இருக்கு. ஏ.டி.எச்.டி-ங்கிறது கவனம் நிக்காம, உடம்பு அடங்காம, தன் முறை வர்ற வரைக்கும் பொறுக்க முடியாம இருக்கிற ஒரு மூளை வளர்ச்சிப் பிரச்சினை. அது யாருக்கு வரும்ங்கிறதுல பெரிய பங்கு பரம்பரைக்குத்தான். இரட்டைப் பிள்ளைகளை வச்சுப் பல நாடுகள்ல நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ 74 சதவீதம்னு கணக்கு வந்திருக்கு. உடனே ‘அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு 74 சதவீதம் வந்துடும்’னு பயந்துடாதே. பிள்ளைக்குப் பிள்ளை இந்த விஷயத்துல இருக்கிற வித்தியாசத்துல முக்கால்வாசிக்கு மரபணு காரணம், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். அதுவும் ஒரே ஒரு ஜீன் கிடையாது. 2023-ல வந்த பெரிய ஆய்வு மரபணுத் தொகுப்புல 27 இடங்களைக் கண்டுபிடிச்சிருக்கு, ஒவ்வொண்ணோட பங்கும் துளித்துளி. அதனால ரத்தத்தை எடுத்து ‘இருக்கு, இல்ல’ன்னு சொல்ற டெஸ்ட் இன்னும் வரலை. யாராவது அப்படி விளம்பரம் போட்டா காசைக் கட்டாதே.

இந்தக் கட்டுரை முழுக்க ‘வாய்ப்பு’ன்னு ஒரு வார்த்தை வரும். மேகம் கூடுற மாதிரின்னு வச்சுக்கோ. கூடின மேகமெல்லாம் பெய்யுறதில்ல, ஆனா மொட்டை மாடியில வத்தல் காயுதுன்னா ஒரு கண் மேல இருக்கணும். அந்த அளவுக்குத்தான் நான் கீழே சொல்றது.

வீட்டுப் பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்குறது?

டாக்டர் கண்டிப்பா குடும்ப விவரம் கேப்பாங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் விசாரிச்சு வச்சுக்கோ. "யாருக்காவது ஏ.டி.எச்.டி இருந்துச்சா"ன்னு கேட்டா ஒருத்தரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. அந்தக் காலத்துல அந்தப் பேரே இல்லையே. கதையா கேளு. தாத்தா எட்டாங்கிளாஸோட ஏன் நிறுத்தினார்? சித்தப்பா எந்த வேலையிலயும் ஏன் நிலைக்கலை? ‘கால் தரிக்காது’ன்னு யாரைச் சொல்லுவாங்க? எந்த அத்தை கல்யாண வீட்டுக்குப் போனாலும் எதையாவது தொலைச்சுட்டு வருவாங்க? சாப்பாடு முடிஞ்சு வெத்தலை போடுற நேரத்துல கேட்டுப் பாரு, சிரிச்சுக்கிட்டே எல்லாம் வெளிய வரும். ஒரு தாத்தா நிலைக்கலைங்கிறதால எதுவும் நிரூபணம் ஆகிடாது. டாக்டர் கையில அது ஒரு குறிப்பு.

அப்படியே உன் வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பாரு. வண்டிச் சாவியைத் தினமும் தேடுறாரா? கரண்ட் பில் கடைசித் தேதி தாண்டித்தான் ஞாபகம் வருதா? நீ பாதி சொல்றதுக்குள்ள பதில் சொல்லிடுறாரா? உன்னையும் பாரு. நிறையப் பேருக்கு, பிள்ளைக்காகப் போன இடத்துலதான் தனக்கும் இது சின்ன வயசுல இருந்தே இருக்குன்னு தெரிய வருது. இதை நான் இழுத்து இழுத்துச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ற முதல் வைத்தியமே வீட்டு ஒழுங்குதான்: நேரத்துக்குத் தூக்கம், ஒரே மாதிரி காலை வேலை, சொன்ன சொல்லைக் காப்பாத்துறது. அந்த ஒழுங்கை நடத்த வேண்டிய ஆளுக்கே மறதின்னா, ஃப்ரிட்ஜ்ல ஒட்டின அட்டவணை மூணாம் நாள் காந்தத்தோட கீழே கிடக்கும். அப்போ பிள்ளையைத் திட்டி என்ன பண்ண? சாவிக்கு வாசப்படிகிட்ட ஒரு கொக்கி, செல்போன்ல நாலு அலாரம், ராத்திரியே எடுத்து வச்ச யூனிஃபார்ம், ரெண்டு பேர்ல யாருக்கு ஞாபகம் நல்லா நிக்குதோ அவங்ககிட்ட ஸ்கூல் விஷயம். பெரியவங்களுக்கும் சிகிச்சை உண்டு, வெக்கப்படாம கேளு.

மூத்தவனுக்கு இருக்குன்னு உறுதியாச்சுன்னா, இளையவளுக்கு வர்ற வாய்ப்பு மத்த பிள்ளைகளை விட பல மடங்கு கூட. அவளைப் பத்தியும் அதே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. பொண்ணுங்க விஷயத்துல இது ரொம்ப முக்கியம். சின்ன வயசுல பையன்களுக்குத்தான் ரெண்டு மூணு மடங்கு அதிகமாக் கண்டுபிடிக்கிறாங்க. பையன் பெஞ்சு மேல ஏறினா மிஸ்ஸுக்குத் தெரியும். ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணு யாருக்கும் தொந்தரவு இல்ல, ‘கனவு காணுறா’, ‘கொஞ்சம் மந்தம்’னு விட்டுடுவாங்க. வாரத்துக்கு ஒரு ரப்பர், மாசத்துக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடின்னு தொலையும்.

வயித்துல இருந்தப்போ…

இதைத் தோண்டுறதுக்கு ஒரு அளவு வச்சுக்கோ. உண்மையா பார்க்க வேண்டியது குறைமாசமும் எடையும். 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்த, இல்லேன்னா ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி வாய்ப்பு ஏறக்குறைய மூணு மடங்கு. பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடு. எத்தனை வாரம், என்ன எடை, பொறந்ததும் அழுதுச்சா, எத்தனை நாள் இன்குபேட்டர், எல்லாம் அதுல இருக்கும். குறைமாசப் பிள்ளைன்னா மூணு, நாலு வயசு வரைக்கும் வளர்ச்சிப் பரிசோதனையை விடாதே. ‘நல்லா கொழுகொழுன்னு தேறிட்டானே’ன்னு முதல் பிறந்தநாளோட நிறுத்திடுறவங்கதான் நிறைய. எடை தேறுறது வேற, கவனம் வளர்றது வேற.

சாராயம், பீர், ஒயின், எந்தப் பேர்ல இருந்தாலும் கர்ப்பத்துல மது கூடவே கூடாது. அது மூளையை நேராத் தாக்கும், கவனக்குறைவும் அதோட சேர்ந்து வரும். இதுல சந்தேகமே இல்ல.

சிகரெட் கதை கொஞ்சம் சுத்தலானது. கர்ப்பத்துல புகைபிடிச்ச அம்மாக்களோட பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி கூடன்னு பல வருஷமா சொல்லிட்டு வந்தாங்க. ஸ்வீடன்ல 2014-ல ஒரு புத்திசாலித்தனமான வேலை பண்ணினாங்க. ஒரே அம்மா, ஒரு கர்ப்பத்துல புகைபிடிச்சிருக்கா, இன்னொண்ணுல பிடிக்கலை. அந்த ரெண்டு பிள்ளைகளையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்போ பெரிய வித்தியாசம் தெரியலை. அப்போ அந்தக் குடும்பத்துல ஏற்கெனவே ஓடுற மரபணுவும் வாழ்க்கைச் சூழலும்தான் ரெண்டுக்கும் பின்னாடி இருக்குன்னு ஆகுது. அதுக்காக உன் வீட்டுக்காரர் பால்கனியில நின்னு ஊதலாம்னு அர்த்தம் பண்ணிக்காதே. அந்தப் புகை பிள்ளையோட எடையைக் குறைக்கும், குறைமாசத்துல இழுத்து விடும், பொறந்த பிறகு இளைப்பு கொடுக்கும். நிறுத்தச் சொல்ல இந்தக் காரணங்களே தாராளம்.

பாராசிட்டமால் மேலயும் அதே மாதிரி பழி விழுந்துச்சு. அதையும் ஸ்வீடன்லதான் சோதிச்சாங்க. 2024-ல, 24 லட்சம் பிள்ளைகளோட பதிவேடுகளை எடுத்து, உடன்பிறந்தவங்களை ஒப்பிட்டுப் பார்த்தப்போ தொடர்பு காணாமப் போச்சு. கர்ப்பத்துல காய்ச்சலை அடக்காம விடுறதுதான் ஆபத்து, டாக்டர் சொன்ன மாத்திரையைச் சொன்ன அளவுக்குப் போடு. சிசேரியனும் இதே கதைதான், உடன்பிறந்தவங்களை ஒப்பிட்டா பழி நிக்கலை. ஆக ‘நீ அன்னிக்கு அந்த மாத்திரை போட்டியே, அதான்’னு யாராவது ஆரம்பிச்சா, எழுந்து போய் காபி போடு.

ஈயம்: இது நம்ம கையில இருக்கு

பரம்பரையை மாத்த முடியாது. ஈயத்தை மாத்த முடியும், ஆனா நம்ம பக்கம் இதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. ரத்தத்துல ஈயம் ஏறின பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும், அறிவுத்திறன் இறங்கும். இந்த அளவுக்குக் கீழே பாதுகாப்புன்னு ஒரு எல்லையே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2000-ல நம்ம நாட்டுல பெட்ரோல்ல ஈயம் போடுறதை நிறுத்தினாங்க. வீட்டுப் பெயின்ட்ல 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக்கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட் நம்ம ஜன்னல் கம்பியில இன்னும் இருக்கு. அந்தக் கம்பியைப் பிடிச்சு ஏறி, வாயை வச்சுக் கடிச்சுக்கிட்டே தெருவைப் பார்க்கிறது யாரு? அதே துறுதுறு பிள்ளைதான். செதில் செதிலா உரியிற பெயின்டைப் பிள்ளை வீட்டுல இருக்கிறப்போ சுரண்டாதே. அந்தத் தூசியை ஈரத்துணி போட்டுத் துடை, விளக்குமாறு போட்டா வீடு முழுக்கப் பறக்கும்.

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு விஷயத்துக்கு வர்றேன், என்னைத் திட்டாதே. அந்தச் சொம்பு வெள்ளீயத்துல செய்ய வேண்டியது, வெள்ளீயத்தால பயமில்ல. விலை குறைக்கிறதுக்காக அதுல காரீயத்தைக் கலந்துட்டா, கொதிக்கிற புளித்தண்ணி அதைக் கரைச்சு எடுத்துடும். பார்வையில நமக்கு வித்தியாசம் தெரியாது. பாட்டி சீதனமாக் கொண்டு வந்ததா இருந்தாலும் சரி, போன மாசம் ஆன்லைன்ல வாங்கினதா இருந்தாலும் சரி, எதுல செஞ்சதுன்னு உறுதியாத் தெரியலைன்னா ஷோகேஸ்ல வை. சின்னப் பிள்ளைக்கு எவர்சில்வர்ல ரசம் வை. வாசனை கொஞ்சம் குறையும்தான், ஒத்துக்கிறேன்.

மஞ்சள் தூள்ல நிறம் பளிச்சுன்னு வர்றதுக்கு லெட் குரோமேட் கலக்குற பழக்கம் இருக்கு. வங்கதேசத்துல 2019-ல சோதிச்ச மாதிரிகள்ல 47 சதவீதத்துல ஈயம் இருந்துச்சு. அரசு இறங்கி அபராதம் போட்டு, 2021-ல அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாங்க. நினைச்சா நிறுத்த முடியிற விஷயம்தான். விரலி மஞ்சள் வாங்கி மில்லுல அரைச்சா போதும்னு சொல்லுவாங்க, அதுல ஒரு பொறி இருக்கு. அங்க கலப்படமே கிழங்கை மினுக்குற இடத்துலதான் நடந்துச்சு. அதனால மேல்தோல் மங்கலா, மண்ணு நிறத்துல இருக்கிற கிழங்காப் பார்த்து எடு. கையில தேய்ச்சா மஞ்சப் பொடி ஒட்டுற அளவுக்கு மினுமினுன்னு இருந்தா கீழே வை. லேபிள் இல்லாத சுர்மா, கண் மை எதையும் பிள்ளை கண்ணுக்கு வைக்காதே. அப்பா பேட்டரி கடையிலயோ ஈயம் உருக்குற பட்டறையிலயோ வேலை பார்க்கிறார்னா, வந்ததும் துணி மாத்திக் குளிச்சுட்டுத்தான் பிள்ளையைத் தூக்கணும். அந்தத் துணியைத் தனியா ஊற வை.

இன்னொரு முடிச்சும் இருக்கு. உடம்புல இரும்புச்சத்து குறைஞ்சா குடல் ஈயத்தைக் கூடுதலா உறிஞ்சும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை தனியாவே பிள்ளையைச் சிடுசிடுன்னு, கவனமில்லாம ஆக்கும். ஹீமோகுளோபின், முடிஞ்சா ஃபெரிட்டின் ரெண்டும் பார்த்துடு. முருங்கைக்கீரைக்கு எலுமிச்சம்பழம் பிழி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் டீ, காபி கொடுக்காதே. குறைஞ்சிருந்தா கீரையை மட்டும் நம்பாம டாக்டர் தர்ற சிரப்பைக் கொடு.

சர்க்கரையை விட்டுடு

மைசூர்பாகு சாப்பிட்டுத்தான் இப்படிக் குதிக்கிறான்னு எல்லாரும் சொல்லுவாங்க. 1994-ல அமெரிக்காவுல அஞ்சுல இருந்து ஏழு வயசுப் பையன்களை வச்சு ஒரு சோதனை நடந்துச்சு. அம்மாக்கள்ல பாதிப் பேர்கிட்ட ‘உங்க பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கோம்’னு சொன்னாங்க. உண்மையில ஒரு பையனுக்கும் சர்க்கரை கொடுக்கலை. சர்க்கரை உள்ள போயிருக்குன்னு நம்பின அம்மாக்கள் பையன் ரொம்ப ஆடுறான்னு மார்க் போட்டாங்க, பையனை ஒட்டியே நின்னுக்கிட்டு அதிகமாக் குறையும் சொன்னாங்க. அடுத்த வருஷம் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவங்களும் சர்க்கரைக்கும் நடத்தைக்கும் தொடர்பில்லைன்னுதான் முடிவு சொன்னாங்க. பல்லுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறை. ஏ.டி.எச்.டி-க்காகன்னு குறைச்சு, தீபாவளி அன்னிக்குப் பிள்ளையை ஏங்க வைக்காதே.

செயற்கை நிறத்துக்கு இதே மன்னிப்பு கிடையாது. 2007-ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் மூணு வயசு, எட்டு-ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கு நிறச்சாயம் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தப்போ துறுதுறுப்பு லேசாக் கூடுச்சு. அதுக்கப்புறம்தான் ஐரோப்பாவுல அந்தச் சாயங்கள் இருக்கிற பாக்கெட்ல எச்சரிக்கை போடணும்னு ஆச்சு. விளைவு சின்னதுதான், எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஆனா ஆரஞ்சு நிற அப்பளப்பூவும் ரோஸ் நிறத் தேங்காய் மிட்டாயும் நிறமில்லாமலும் அதே ருசிதான். 2024 பிப்ரவரியில நம்ம அரசு பஞ்சுமிட்டாயைத் தடை பண்ணினது வேற காரணத்துக்காக. அதுல இருந்தது துணிக்குப் போடுற ரோடமின் பி, அது எந்த வயசுக்கும் ஆகாது.

ராத்திரி பிள்ளை எப்படித் தூங்குறான்?

மூணுல இருந்து அஞ்சு வயசுப் பிள்ளைக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து 10-லேர்ந்து 13 மணி நேரம் வேணும். நம்ம வீட்டுல சீரியல் முடிஞ்சு, அப்பா வந்து, சாப்பிட்டு, லைட் அணைக்கிறப்போ பதினொண்ணு. காலையில ஏழு மணிக்கு உலுக்கி எழுப்புறோம். தூக்கம் போதலைன்னா பெரியவங்க சோர்ந்து விழுவாங்க, சின்னப் பிள்ளை தலைகீழா ஆடும். ஏ.டி.எச்.டி-ன்னு நினைச்சு வர்ற பிள்ளைகள்ல சிலருக்குத் தூக்கத்தைச் சரி பண்ணினாலே பாதி ஆட்டம் அடங்கும்.

குறட்டை விடுற பிள்ளைன்னா இன்னும் கவனி. வாயைத் திறந்து வச்சு, கழுத்தைப் பின்னாடி வளைச்சு, தலையணை நனைய வேர்த்து, நடுவுல ஒரு நொடி மூச்சு நின்னு ‘ஹக்’னு இழுக்குதா? செல்போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடு. சொல்லி விளக்குறதை விட அந்த வீடியோ காது-மூக்கு-தொண்டை டாக்டருக்கு நல்லா விளங்கும். டான்சிலும் மூக்குக்குப் பின்னாடி இருக்கிற அடினாய்டும் வீங்கினா தூக்கம் கெடும். 2013-ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல, அதை ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளைகளோட தூக்கமும் நடத்தையும் நல்லா மாறுச்சு. கவனத்தைச் சோதிக்கிற பரீட்சையில மட்டும் பெரிய வித்தியாசம் வரலை. அதனால ஆபரேஷன் பண்ணினா ஏ.டி.எச்.டி போயிடும்னு யாரும் உறுதி கொடுக்க முடியாது, கொடுத்தா நம்பாதே.

செல்போனைப் பத்தி நான் அதிகம் பேசப் போறதில்ல, எல்லாரும் பேசியாச்சு. போன் பார்க்கிறதால ஏ.டி.எச்.டி வருதா, ஏ.டி.எச்.டி இருக்கிற பிள்ளை போனைத் தேடிப் போகுதா, ரெண்டையும் பிரிக்கிறது கஷ்டம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ரெண்டு வயசு வரைக்கும் வேண்டவே வேண்டாம், அஞ்சு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ளன்னு சொல்லுது. என் கணக்குல, சாப்பாட்டு நேரத்துலயும் தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் போன் இல்லைன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

வீட்டுக்குள்ள இருக்கிற சூடு

இதைச் சொல்றப்போ நீ உன்னையே குத்தவாளிக் கூண்டுல ஏத்திக்காதே. அம்மா வளர்க்கிற விதத்தால ஏ.டி.எச்.டி வர்றதில்ல. வேலைக்குப் போறதாலயும் வர்றதில்ல. வளர்ப்பு இல்லாமையே இதை உண்டாக்கும்னா அது எந்த அளவுல இருக்கணும்னு ருமேனியாவைப் பார்த்தா தெரியும். 1989-ல சௌசெஸ்கு ஆட்சி விழுந்த பிறகு, அங்க அனாதை இல்லங்கள்ல தொட்டிலை விட்டுத் தூக்காம, யாரும் பேசாம கிடந்த பிள்ளைகளை இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்தாங்க. மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரோட குழு அவங்களைப் பெரியவங்களாகுற வரைக்கும் பின்தொடர்ந்துச்சு. ஆறு மாசத்துக்கு மேல அங்க கிடந்தவங்களுக்குத்தான் கவனக்குறைவும் துறுதுறுப்பும் கூடுதலா நின்னுச்சு. நீ சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆனா வீட்டு நெருக்கடி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா கணக்கு மாறும். ரட்டர்தான் அதுக்கும் ஒரு பட்டியல் போட்டார்: அப்பா அம்மாவுக்குள்ள ஓயாத சண்டை, வறுமை, நெருக்கடியான பெரிய குடும்பம், அப்பாவோட குற்றப் பழக்கம், அம்மாவோட மனநலப் பிரச்சினை, பிள்ளை வீட்டை விட்டு வேற இடத்துல வளர்றது. 1995-ல அமெரிக்காவுல பார்த்தப்போ, இதுல எத்தனை சேருதோ அந்த அளவுக்குப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி வாய்ப்பும் ஏறுச்சு. அதுலயும் ஒரு பங்கு மரபணு வழியாத்தான் வரும். அப்பாவோட அதே ஆத்திரக் குணம் பிள்ளைக்கும் போயிருக்கும். எது எதனாலன்னு பிரிச்சுக்கிட்டு இருக்கிறதை விட, பட்டியல்ல ஒண்ணையாவது எடுக்க முடியுமான்னு பாரு. வறுமையை ஒரே வருஷத்துல எடுக்க முடியாது. உன் மனச்சோர்வை எடுக்கலாம். பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பிச்ச அழுகை இன்னும் நிக்கலையா, எதுலயும் பிடிப்பில்லையா, 14416-க்குப் போன் பண்ணு. டெலி-மானஸ், அரசு நடத்துறது, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம்.

அடுத்தது கத்தல். காலையில வேன் ஹாரன் அடிக்குது. நீ அடுப்படியில இருந்துக்கிட்டே, "பையை எடு, ஷூவை மாட்டு, தண்ணி பாட்டிலை மறந்துடாதே, பாட்டிக்கு டாட்டா சொல்லு"ன்னு ஒரே மூச்சுல சொல்றே. பையன் ஒரு ஷூவை மாட்டிட்டு, இன்னொண்ணு கையில இருக்க, எறும்பு போற வரிசையைப் பார்த்து உக்காந்துட்டான். நீ கத்துறே, அவன் அலறுறான், கடைசியில நீயே மாட்டி விட்டுடறே. அம்மா கத்துற வரைக்கும் அசையத் தேவையில்லைன்னு அவனும், கத்தினாத்தான் நடக்கும்னு நீயும் கத்துக்கிட்டாச்சு. இந்தச் சுழல் ஏ.டி.எச்.டி-யை உண்டாக்காது, இருக்கிறதை வளர்க்கும். முரட்டுப் பிடிவாதம் அதோட ஒட்டிக்கும்.

அடுப்பை அணைச்சுட்டு வா. அவன் உயரத்துக்குக் குனி. தோள்ல கையை வச்சு, கண்ணைப் பார்த்து, "ஷூ." அவ்வளவுதான். மாட்டினதும், "சொன்ன உடனே மாட்டிட்டியே!" அப்புறம் "பை." நாலு வேலைக்கு நாலு தடவை சொல்லணும்தான், கத்துற நேரத்தை விட குறைச்சல்தான் ஆகும். "ஓடாதே"ன்னு சொல்றதுக்குப் பதிலா "என் கையைப் பிடிச்சுக்கோ"ன்னு சொல்லு. செய்யக் கூடாததைக் கேட்டா என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியிறதில்ல. தினமும் ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷம் அவன் இஷ்டத்துக்கு விளையாட்டு, நீ பக்கத்துல உக்காரணும், சொல்லிக் கொடுக்கக் கூடாது, கேள்வி கேக்கக் கூடாது. அப்பாவும் தாத்தாவும் பாட்டியும் இதே மாதிரி நடந்துக்கணும். ஒருத்தர் அதட்ட, ஒருத்தர் மிட்டாய் கொடுக்குற வீட்டுல எதுவும் எடுபடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-ல போட்ட வழிகாட்டுதல்ல, ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு முதல் சிகிச்சையே பெத்தவங்களுக்குக் கொடுக்கிற இந்தப் பயிற்சிதான், மாத்திரை அப்புறம்தான்.

வகுப்புல கடைக்குட்டியா?

கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல பள்ளி வயசுக் கணக்கு டிசம்பர் 31-ஓட முடியும். அங்க 9 லட்சத்துக்கும் மேல பிள்ளைகளை வச்சு 2012-ல வந்த ஆய்வுல, ஜனவரியில பொறந்த பையனை விட டிசம்பர்ல பொறந்த பையனுக்கு ஏ.டி.எச்.டி-ன்னு பேர் வைக்கிறது 30 சதவீதம் கூட இருந்துச்சு, பொண்ணுங்களுக்கு 70 சதவீதம். வேற ஒண்ணுமில்ல, அவங்க வகுப்புலயே சின்னவங்க. நாலு வயசுல பதினோரு மாச வித்தியாசம் கொஞ்சநஞ்சமா? உன் பிள்ளை வயசு வரம்போட ஓரத்துல நுழைஞ்சிருந்தா, மிஸ்கிட்ட முதல்ல பிறந்த தேதியைச் சொல்லு. ‘ஒரு வருஷம் மிச்சம்’னு ரெண்டரை வயசுல ஸ்கூல்ல தள்ளுறவங்களை எனக்குப் புரியவே இல்ல. அந்த ஒரு வருஷத்தை வச்சு என்ன பண்ணப் போறோம்?

எப்போ, எங்க போறது?

வீட்டுலயும் ஸ்கூல்லயும் ரெண்டு இடத்துலயும், ஆறு மாசத்துக்கு மேல, அதே வயசுப் பிள்ளைகளை விட தெளிவாக் கூடுதலா இருக்கணும். அதனால படிப்போ பழக்கமோ பாதிக்கணும். அப்பதான் ஏ.டி.எச்.டி-ன்னு யோசிப்பாங்க. பாட்டி வீட்டுல மட்டும் ஆடுறான்னா அது பாட்டி வீட்டு விஷயம். நாலு வயசுக்கு முன்னாடி முத்திரை குத்த அனுபவமுள்ள டாக்டர்கள் தயங்குவாங்க, அது நல்லதுதான். இது அபூர்வமும் இல்ல: உலகக் கணக்கு 5 சதவீதம் பக்கம், அதாவது 40 பேர் வகுப்புல ரெண்டு பேர். கோயம்புத்தூர்ல 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 2013-ல வெளியிட்ட ஆய்வுல 11.32 சதவீதம்னு வந்துச்சு.

முதல்ல காது டெஸ்ட், கண் டெஸ்ட். அடிக்கடி சளி பிடிச்சுக் காதுல நீர் கட்டின பிள்ளைக்குக் கூப்பிடுறதே மந்தமாத்தான் கேக்கும், அதை ‘கவனிக்க மாட்டேங்கிறான்’னு நாம திட்டிக்கிட்டு இருப்போம். வெறிச்சுப் பார்த்துச் சில நொடி உறைஞ்சு போறான்னா அது வலிப்போட ஒரு வகையா இருக்கலாம், அதையும் வீடியோ எடுத்து டாக்டர்கிட்டக் காட்டு. தலையில பலமா அடிபட்டிருந்தா அதையும் சொல்லு.

அரசு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வர்ற மருத்துவக் குழு, 2013-ல ஆரம்பிச்ச தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தோடது. அவங்க பார்க்குற பட்டியல்ல ஏ.டி.எச்.டி-யும் இருக்கு. அங்கேர்ந்து மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவாங்க. செலவில்லாம டாக்டர், பேச்சுப் பயிற்சி, சைக்காலஜிஸ்ட் எல்லாரையும் பார்க்கலாம். தனியார் பள்ளிப் பிள்ளைன்னாலும் நேரா போய் விசாரி. சென்னையில எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, முட்டுக்காடுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் ரெண்டும் இருக்கு. மெமரி சிரப், மூளை டானிக், ‘ரெண்டு மாசத்துல சரி பண்ணிடுறோம்’ பேக்கேஜ் இதுக்கெல்லாம் கொடுக்கிற காசைச் சேர்த்தா ஒரு வருஷ ஆட்டோ வாடகை வரும்.

போறப்போ ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கோ: எத்தனை வயசுல இருந்து, எந்த நேரத்துல அதிகம், தூக்கம் எத்தனை மணி நேரம், மிஸ் என்ன சொன்னாங்க. கூடவே அவனுக்கு எதுல கவனம் நிக்குதுன்னும் எழுது. அதை யாரும் எழுதிட்டு வர்றதில்ல. லெகோவுல முக்கால் மணி நேரம் உக்காந்தாலும் ஏ.டி.எச்.டி இருக்கலாம், பிடிச்ச விஷயத்துல ஒட்டிக்கிறதும் அதோட குணம்தான். பயிற்சி எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு பார்க்க அது டாக்டருக்கு உதவும். "ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு சொல்லி அனுப்பினா அந்தத் தேதியைக் காலண்டர்ல அப்பவே வட்டம் போடு, போன்லயும் ஒரு அலாரம் வை.